ஜப்பானுக்கு முன் மேட்டுப்பாளையம்

நம் குடும்பங்களில் அண்மைக் காலமாக ஒரு புதிய ஆசை தலைகாட்டி வருகிறது. பெங்களூரில் கணினித் துறையில் வேலை பார்க்கும் பிள்ளைகளும் மருமக்களும், "இந்தக் குளிர்காலத்தில் ஜப்பானுக்குப் போய் ரயிலிலேயே சுற்றி வருவோம், அப்பா அம்மாவையும் அழைத்துப் போவோம்" என்கிறார்கள். முன்பு சிங்கப்பூர், மலேசியா என்று இருந்த பேச்சு இப்போது டோக்கியோ, பனி, புல்லட் ரயில் என்று மாறியிருக்கிறது. திருமண வீடுகளில் பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில்கூட இதே பேச்சுதான்.

நான் இந்த ஆசைக்கு எதிரி அல்லன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஜப்பான் ஒரு புண்ணியத் தலம் போன்றது. 1964 அக்டோபர் 1 அன்று டோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையே ஷின்கான்சென் ஓடத் தொடங்கிய செய்தி உலகெங்கும் ரயில்வேக்காரர்களை நிமிர்ந்து உட்காரச் செய்தது. அந்நாட்டின் வடபகுதியில் சுகாரு என்ற சிறிய ரயில் நிறுவனம் டிசம்பர் முதல் மார்ச் வரை, பெட்டிக்குள்ளேயே நிலக்கரி அடுப்பு எரியும் ரயிலை ஓட்டுகிறது. பயணிகள் அந்த அடுப்பின் மேல் உலர்ந்த கணவாய் மீனைச் சுட்டுத் தின்றபடி வெளியே பனியைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள். இதையெல்லாம் யாருக்குத்தான் பார்க்க ஆசை இராது? வசதி உள்ளவர்கள் போய் வரட்டும்.

ஆனால் இந்தப் பேச்சுகளைக் கேட்கும்போது ஒன்று மனத்தில் உறுத்துகிறது. ஜப்பான் பயணத்துக்காக நம் பிள்ளைகள் ஆறு மாதம் முன்பே தாள் போட்டுக் கணக்கெழுதுகிறார்கள். எந்த ரயில், எந்த நடைமேடை, எத்தனை நிமிட இடைவெளி, பெட்டி எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்று எல்லாவற்றையும் ஆராய்கிறார்கள். அதே பிள்ளைகள் ஊட்டிக்குப் போவதென்றால் வெள்ளிக்கிழமை இரவு முடிவு செய்து சனிக்கிழமை காலை காரை எடுக்கிறார்கள். பந்திப்பூர் காட்டு வழியாக வளைந்து நெளிந்து, பேரக் குழந்தை இரண்டு முறை வாந்தி எடுக்க, மாலையில் ஏரிக்கரை நெரிசலில் நின்றுவிட்டு, ஞாயிறு இரவு 9 மணிக்குள் காட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்ட வேண்டுமே என்று அவசர அவசரமாகத் திரும்புகிறார்கள். நீலகிரி மலை ரயிலைப் பற்றிக் கேட்டால், "டிக்கெட் கிடைக்கவில்லை", "அது பொம்மை ரயில்தானே" என்கிறார்கள்.

பொம்மை ரயில் என்ற சொல்லைக் கேட்கும்போது எனக்குச் சற்றுக் கோபம் வருவதுண்டு. அந்தப் பாதை என்ன, அதில் என்ன நடக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு, மைசூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பம் ஒன்று இந்தக் குளிர்காலத்தில் அதில் எப்படித் திட்டமிட்டுப் போகலாம் என்பதைச் சொல்கிறேன். ஜப்பானுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை நம் வாசலில் இருக்கும் இந்த மலை ரயிலுக்குக் காட்டினால் போதும் என்பது என் கருத்து.

ஜப்பான் கைவிட்டது, நாம் காத்து வைத்திருப்பது

ரயில் சக்கரமும் தண்டவாளமும் வழவழப்பான இரும்பு. ஏற்றம் கடுமையாகும்போது சக்கரம் வழுக்கும். 1880களில் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரோமன் ஆப்ட் இதற்கு நல்ல வழி ஒன்று கண்டார். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்கள் வெட்டிய எஃகுச் சட்டங்களைப் பதிப்பது, எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அந்தப் பற்களைக் கவ்வி ஏறுவது என்பதே அந்த முறை. சட்டங்கள் இரண்டு, ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் இருக்கும்படி மாற்றிப் பதிக்கப்பட்டிருக்கும். ஆகவே எந்தக் கணத்திலும் ஏதாவது ஒரு பல் முழுப் பிடியில் இருக்கும்.

ஜப்பானியர் இந்த முறையை நமக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். 1893இல் டோக்கியோவுக்கு வடமேற்கே உசுயி கணவாயில் யோகோகாவா, கருயிசாவா என்ற இரு ஊர்களை இணைத்து ஆப்ட் முறைப் பாதை திறந்தார்கள். சுமார் 11 கிலோமீட்டரில் 26 சுரங்கங்கள்; ஏற்றம் 15 அடிக்கு 1 அடி. 70 ஆண்டுகள் அந்தப் பற்கள் உழைத்தன. 1963இல் பற்சட்டத்தை எடுத்துவிட்டு, வலிமையான மின்சார எஞ்சின்களை வைத்துச் சாதாரணப் பாதையாக ஓட்டினார்கள். 1997இல் நகானோவுக்கு ஷின்கான்சென் வந்ததும் அந்தப் பாதையே மூடப்பட்டது. இன்று பழைய செங்கல் பாலங்களின் மேல் சுற்றுலாப் பயணிகள் நடந்து போகிறார்கள். ஜப்பானில் இப்போது பற்சட்டத்தில் ஓடுவது ஓய்கவா ரயில்வேயின் இகாவா பாதை ஒன்றுதான். அங்கும் ஓர் அணைக்காகப் பாதையை மாற்ற வேண்டியிருந்ததால் 1990இல் புதிதாக அமைத்த சிறு பகுதியில் மட்டுமே பல் இருக்கிறது. இழுப்பது மின்சார எஞ்சின்.

நம் கதை வேறு. நீலகிரிக்கு ரயில் போட வேண்டும் என்ற யோசனை 1854இல் பிறந்தது. மலையின் கடுமையால் 1891இல்தான் வேலை தொடங்கியது. 1899 ஜூனில் குன்னூர் வரை ரயில் ஏறியது. 1908இல் உதகமண்டலத்தை எட்டியது. மேட்டுப்பாளையம் கடல்மட்டத்திலிருந்து 326 மீட்டர். உதகை 2,200 மீட்டருக்கும் மேல். 46 கிலோமீட்டர் தூரத்தில் 208 வளைவுகள், 250 பாலங்கள், 16 சுரங்கங்கள். கல்லாறு தாண்டிக் குன்னூர் வரை பற்சட்டப் பாதை. அதிகபட்ச ஏற்றம் 12 அடிக்கு 1 அடி, அதாவது உசுயி கணவாயைவிடக் கடுமையானது. அதே சட்டம், அதே முறை, அதே நீராவி எஞ்சின் வகை இன்றும் பயணிகளை ஏற்றிக்கொண்டு ஏறுகிறது. 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. இதையா பொம்மை என்பது?

பேரப்பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை

இந்த ரயிலில் ஏறும் குடும்பங்களில் பெரும்பாலோர் அருவியையும் குரங்கையும் பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். எஞ்சினைப் பார்ப்பதில்லை. பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டியவை சில உண்டு. பொறியியல் படிக்காத தாத்தா பாட்டியும் இவற்றைக் காட்டலாம்.

முதலாவது, ஏறும்போது எஞ்சின் முன்னால் நின்று இழுப்பதில்லை. பின்னால், அதாவது பள்ளத்தின் பக்கம் நின்று தள்ளுகிறது. ஏன் என்று குழந்தையைக் கேளுங்கள். ஒரு கொக்கி அறுந்தாலும் பெட்டிகள் கீழே ஓடிவிடாமல் எஞ்சின் மேல் சாய்ந்து நிற்கும் என்பது விடை. இறங்கும்போதும் எஞ்சின் கீழ்ப்பக்கமே இருக்கும்.

இரண்டாவது, ஒவ்வொரு பெட்டியின் மேல்முனையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்பார். எஞ்சின் ஓட்டுநர் ஊதும் ஒலியைக் கேட்டு அவர் கையாலேயே பிரேக்கைப் பிடிக்கவும் தளர்த்தவும் செய்வார். மழையிலும் பனியிலும் அந்தச் சிறு மேடைதான் அவர் வேலையிடம். எல்லாம் ஒரு பொத்தானில் நடக்கிறது என்று எண்ணி வளரும் பிள்ளைகள், ஒரு ரயிலின் பாதுகாப்பு பல மனிதர்களின் கையிலும் காதிலும் இருப்பதை இங்கே நேரில் காணலாம்.

மூன்றாவது, எக்ஸ் வகை எஞ்சினில் உருளைகள் நான்கு. பல் இல்லாத இடத்தில் கீழ்ப்புற இரண்டு மட்டும் சக்கரத்தைச் சுழற்றும். பற்பாதையில் நுழைந்ததும், அவற்றில் வேலை செய்து முடித்த நீராவியே மேற்புற இரண்டு உருளைகளுக்குள் போய்ப் பல்சக்கரத்தைச் சுழற்றும். ஒரே ஆவியிடம் இரண்டு முறை வேலை வாங்குகிறார்கள். கரும்பை இரண்டாம் முறை ஆலையில் கொடுத்துச் சாறு எடுப்பதைப் போல என்று சொன்னால் மண்டியா வழியாகப் போய்வரும் நம் பிள்ளைகளுக்கு உடனே புரியும். பழைய எஞ்சின்கள் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்யப்பட்டவை. பின்னர் திருச்சி பொன்மலைப் பணிமனையில் நம்மவர்களே இந்த வகை எஞ்சினைப் புதிதாகக் கட்டி மலைக்கு அனுப்பினார்கள். உலகில் மிகச் சில பணிமனைகளுக்கே இந்நாளில் இது கைவரும்.

நான்காவது செய்தி நம் குடும்பங்களுக்கே உரியது. நம் பெற்றோரும் பாட்டன்மாரும் பிழைப்புக்காக மைசூருக்கு வந்து இறங்கியது மீட்டர் கேஜ் ரயிலில். பெங்களூர் மைசூர் பாதை 1882 முதல் நூறாண்டுக்கு மேல் மீட்டர் கேஜாகவே இருந்தது. 1990களில்தான் அகலப் பாதையாயிற்று. ஒவ்வொன்றாக மாறி, செங்கோட்டை புனலூர்ப் பாதையும் 2018இல் மாறிய பின்பு, தென்னக ரயில்வேயில் எஞ்சிய மீட்டர் கேஜ் இந்த நீலகிரிப் பாதை ஒன்றே. "உங்கள் கொள்ளுத் தாத்தா தகரப் பெட்டியோடு வந்த ரயிலின் அகலம் இவ்வளவுதான்" என்று பிள்ளைகளுக்குக் காட்ட நம் பக்கத்தில் வேறு ஓடும் ரயில் இல்லை. மைசூர் ரயில் அருங்காட்சியகத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்க்கலாம். ஏறிப் போக முடியாது.

குளிர்காலத்தில் எப்போது?

இனித் திட்டத்துக்கு வருவோம். குளிர்காலம் என்றதும் பலர் டிசம்பர் கடைசி வாரத்தைக் குறிக்கிறார்கள். இரண்டு காரணங்களால் அது சரியல்ல.

ஒன்று, கூட்டம். தமிழ்நாட்டுப் பள்ளிகளின் அரையாண்டு விடுமுறை, கிறிஸ்துமஸ், புத்தாண்டு எல்லாம் அந்த வாரத்தில் சேர்ந்து வருகின்றன. இரண்டு, மழை. நீலகிரியின் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. ரயில் ஏறுவது அந்தச் சரிவில்தான். மண் ஊறிப் பாறை உருண்டு பாதையில் விழுவது இந்த மாதங்களில்தான் மிகுதி. 2009 நவம்பர் மழையில் நீலகிரியில் ஏற்பட்ட நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்தனர். ரயில் பாதையும் பெரிதாகச் சேதமடைந்தது. இத்தகைய நாட்களில் மேட்டுப்பாளையம் குன்னூர் ரயிலை நிறுத்திவிடுவார்கள். அதைக் குறை கூறுவது நியாயமல்ல. பாதையைப் பராமரிக்கும் வேலை தெரிந்தவர்களுக்கு, ரயிலை ஓட்டுவதைவிட நிறுத்துவதற்கே அதிகத் துணிவு வேண்டும் என்பது தெரியும்.

ஆகவே பொங்கல் கழிந்த வாரத்திலிருந்து பிப்ரவரி நடுப்பகுதி வரையே நல்ல காலம். வானம் தெளிந்திருக்கும், பள்ளத்தாக்கு கண்ணுக்கு எட்டிய தூரம் தெரியும். விடியற்காலையில் உதகையின் புல்வெளிகளில் உறைபனி உப்புத் தூவியது போல் படிந்திருக்கும். தேயிலைக் கொழுந்து கருகிவிடுமே என்று தோட்டக்காரர்கள் கவலைப்படும் பனி அது. பனி பார்க்க ஜப்பான்வரை போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். அது வேறு பனி. ஆனால் புல்லின் மேல் கை வைத்ததும் வெண்துகளாக ஒட்டும் உறைபனியே ஐந்து வயதுக் குழந்தைக்குப் பெரிய அதிசயம். குடியரசு தினத்தை ஒட்டிய தொடர் விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். இரண்டு நாள் பள்ளிக்கு விடுப்பு எடுக்க நேர்ந்தால் எடுக்கலாம். அந்த இரண்டு நாட்களில் அவர்கள் கற்பது குறைவாக இராது.

அரிதான சீட்டிலிருந்து பின்னோக்கி

பயணத் திட்டத்தின் முதல் விதி, கிடைப்பதற்கு அரிதான சீட்டை முதலில் வாங்கி, மற்றவற்றை அதைச் சுற்றி அமைப்பது. நம்மவர்கள் முதலில் விடுதியை எடுக்கிறார்கள். பிறகு காரையோ பஸ்ஸையோ பேசுகிறார்கள். கடைசியில் மலை ரயிலுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். கடைசியில் பார்த்தால் எப்படி இருக்கும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து காலை ஏழு மணி அளவில் புறப்படும் ரயிலில் இடங்கள் குறைவு. நம் ரயில்வேயில் முன்பதிவுக் காலம் முன்பு 120 நாட்கள். 2024 நவம்பர் 1 முதல் 60 நாட்கள். ஆகவே நாட்காட்டியில் போகும் தேதியை வட்டமிட்டு, அதிலிருந்து 60 நாள் பின்னோக்கி எண்ணி இன்னொரு வட்டமிடுங்கள். அன்று காலை முன்பதிவு திறந்தவுடன் உட்கார வேண்டும். வார நாளாக இருந்தால் வாய்ப்பு அதிகம். ஷின்கான்சென் இருக்கைக்கு ஒரு மாதம் முன்பு காலை 10 மணிக்கு முன்பதிவு திறக்கும் என்பதைக் குறித்து வைத்துக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இது பெரிய வேலை அல்ல. அந்தச் சீட்டு கைக்கு வந்த பிறகே விடுதியும் பிற ரயில்களும்.

இரண்டாவது விதி, இணைப்பு ரயில்களுக்கு நடுவே ஓர் இரவு இடைவெளி விடுவது. சென்னையிலிருந்து வருவோருக்கு நீலகிரி எக்ஸ்பிரஸ் விடியற்காலையில் மேட்டுப்பாளையம் வந்து மலை ரயிலோடு இணைகிறது. மைசூரிலிருந்து நமக்கு அப்படி இல்லை. வரைபடத்தில் சாமராஜநகரும் மேட்டுப்பாளையமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள் போலத் தெரிந்தாலும், நம் ரயில் பாதை சாமராஜநகரோடு நின்றுவிடுகிறது. சத்தியமங்கலம் வழியாக அதை மேட்டுப்பாளையத்துக்கு நீட்ட வேண்டும் என்ற பேச்சு நெடுநாளையது. குறுக்கே அடர்ந்த காடும் யானைத் தடமும் இருப்பதால் அது பேச்சாகவே இருக்கிறது. நாம் பெங்களூர், சேலம், ஈரோடு, கோவை என்று சுற்றித்தான் போக வேண்டும்.

மைசூரிலிருந்து திருவனந்தபுரம் வடக்கு நிலையத்துக்கு, அதாவது முன்பு கொச்சுவேலி என்றிருந்த நிலையத்துக்குப் போகும் விரைவு ரயில் கோவை வழியாகவே செல்கிறது. குழந்தைகளும் முதியவர்களும் இருந்தால், காலையில் பெங்களூர் போய், மதியத்துக்கு மேல் அங்கிருந்து புறப்படும் உட்காரும் வசதி ரயில்களில் கோவை சேர்வது இன்னும் நல்லது. பெங்களூர் கன்டோன்மெண்டிலிருந்து வந்தே பாரத் 2023 டிசம்பர் இறுதியில் தொடங்கப்பட்டது. உதய் எக்ஸ்பிரஸும் உண்டு. எந்தெந்தக் கிழமை ஓடுகின்றன, என்ன நேரம் என்பதைச் சீட்டு வாங்கும் நாளில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பகல் பயணத்தில் ஓசூர், தருமபுரி, சேலம் என்று நிலையப் பெயர்களைப் பிள்ளைகள் தமிழில் படித்துக்கொண்டே வரலாம். அன்றிரவு கோவையில் தங்கி, மறுநாள் பாசஞ்சர் ரயிலில் மேட்டுப்பாளையம் போய் அங்கே ஓர் இரவு. மூன்றாம் நாள் காலை மலை ரயில். இது மெதுவான திட்டம் என்பார்கள். மெதுவாகப் போனால்தான் எழுபது வயதுப் பாட்டியும் ஏழு வயதுப் பேத்தியும் ஒரே மகிழ்ச்சியோடு ஏறுவார்கள்.

மூன்றாவது விதி, ரயில் நின்றுபோனால் என்ன செய்வது என்பதை முன்பே முடிவு செய்து வைப்பது. மேட்டுப்பாளையம் குன்னூர்ப் பகுதி மூடப்பட்டாலும், குன்னூருக்கும் உதகைக்கும் இடையே நாளுக்குச் சில ரயில்கள் ஓடுகின்றன. அவற்றை இழுப்பது டீசல் எஞ்சின். பஸ்ஸில் குன்னூர் போய் அங்கே ஏறிக்கொள்ளலாம். வெலிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல் வழியாகப் போகும் அந்தத் துண்டும் அழகானதே. பல்லும் நீராவியும் மட்டும் இல்லை.

நான்காவது, திரும்பும் வழி. ஏறுவது ரயிலில், இறங்குவது அரசுப் பேருந்தில் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளுக்கு மேல் மிச்சமாகும். உதகையிலிருந்து கூடலூர், பந்திப்பூர் வழியாக மைசூருக்கு நான்கைந்து மணி நேரம். பந்திப்பூரில் இரவு 9 முதல் காலை 6 வரை வாகனப் போக்குவரத்துக்குத் தடை 2009 முதல் இருக்கிறது. பகல் பேருந்தில் அந்தக் கவலை இல்லை. சொந்தக் காரில் நீலகிரிக்குள் வருவோர் 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் எடுக்க வேண்டியிருக்கிறது. அரசுப் பேருந்தில் போகிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். மலை தாங்கக்கூடிய கார்களுக்கு ஓர் அளவு உண்டு என்று நீதிமன்றமே சொல்ல வேண்டி வந்த பிறகும் காரிலேயே போய் நெரிசலில் நிற்பது என்ன சுகம்?

பை, கட்டுச்சோறு, கம்பளி

ஷின்கான்சென்னின் சில பாதைகளில், நீளம் அகலம் உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டருக்கு மேல் வரும் பெட்டிக்குத் தனியாக இடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2020 மே முதல் விதி இருக்கிறது. அதற்குப் பயந்து சிறிய பெட்டியோடு போகிறவர்கள், மலை ரயிலுக்கு மட்டும் ஆளுக்கொரு பெரிய பெட்டியோடு வந்து நிற்கிறார்கள். அந்தச் சின்னப் பெட்டிகளில் கால் வைக்கவே இடம் அளவாகத்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு தோள்பை போதும்.

ஏறும் நேரம் ஏறக்குறைய ஐந்து மணி. பற்பாதையில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். எஞ்சின் தண்ணீர் குடிக்க ஹில்குரோவ் போன்ற நிலையங்களில் நிற்கும். கழிப்பறைத் தேவையைப் புறப்படும் முன்பும் குன்னூர் போன்ற பெரிய நிலையத்திலும் முடித்துக்கொள்வது முதியவர்களுக்கு நிம்மதி. ஜப்பான் நிலையங்களில் அழகிய பெட்டிகளில் விற்கும் சாப்பாட்டைப் பற்றிப் பிள்ளைகள் வியந்து பேசுவார்கள். நம் புளியோதரையும், மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் எந்த ஊர்ச் சாப்பாட்டுக்கும் குறைந்தவை அல்ல. பாக்கு மட்டைத் தட்டும் எவர்சில்வர் தண்ணீர்ப் புட்டியும் எடுத்துப் போங்கள். ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் தண்ணீர்ப் புட்டிகளுக்கு நீலகிரி மாவட்டத்தில் தடை உண்டு. மீந்த சோற்றைக் குரங்குக்குப் போடாதீர்கள். அடுத்த ரயிலில் வருகிற குழந்தையின் கையிலிருந்து அது பறிக்கக் கற்றுக்கொள்ளும்.

புறப்படும்போது மேட்டுப்பாளையத்தில் வியர்க்கும். உதகையில் இறங்கும்போது நடுங்கும். கம்பளிக் குல்லாயும் சால்வையும் பையின் மேல்பகுதியில் இருக்கட்டும். நெஞ்சுக் கோளாறோ மூச்சுத் திணறலோ உள்ள பெரியவர்கள் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே போக வேண்டும். அவர்களுக்குக் குன்னூரிலேயே இறங்கித் தங்குவதும் ஒரு வழி. உதகையைவிட அங்கே உயரமும் குளிரும் குறைவு.

என்ன கிடைக்கும்?

பணக் கணக்கையும் பார்த்துவிடலாம். ஜப்பானில் ஏழு நாள் ரயில் பாஸ் 2023 அக்டோபரில் 29,650 யென்னிலிருந்து 50,000 யென் ஆக்கப்பட்டது. அந்த விலையில், நான்கு பெரியவர்களும் அரைச் சீட்டுக் குழந்தைகள் இருவரும் உள்ள குடும்பத்துக்கு ரயில் பாஸ் மட்டும் 2,50,000 யென். விமானம், விடுதி, சாப்பாடு எல்லாம் தனி. நீலகிரிப் பயணம் முழுவதுமே அந்த ரயில் பாஸ் பணத்தில் ஒரு பகுதிக்குள் அடங்கிவிடும். ஆனால் பணம் மிச்சம் என்பதற்காக மட்டும் இதை நான் எழுதவில்லை.

நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ்நாடு என்றால் கல்யாண மண்டபம், குலதெய்வக் கோயில், கார்க் கண்ணாடி இவ்வளவுதான். தமிழ் என்பது வீட்டுக்குள் பாட்டியோடு பேசும் மொழி என்றே அவர்கள் எண்ணியிருக்கிறார்கள். அது நிலையப் பலகையில், சுக்குக் காப்பி விற்பவர் குரலில், பிரேக்ஸ்மேன் பேச்சில், எதிர் இருக்கை அம்மாவின் கொங்குத் தமிழில் ஓர் ஊரின் மொழியாக உலவுவதை அவர்கள் காண வேண்டும். காருக்குள் அது நடக்காது. காரில் நம் குடும்பம் மட்டுமே இருக்கிறது. அதிலும் ஆளுக்கொரு கைபேசி.

மைசூர்ப் பிள்ளைகளுக்கு இன்னொரு பேறும் உண்டு. கேத்திப் பள்ளத்தாக்கில் வாழும் படகர்கள், தங்கள் முன்னோர் மைசூர்ச் சமவெளியிலிருந்து மலையேறி வந்தவர்கள் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அவர்கள் பேசும் மொழி கன்னடத்துக்கு நெருங்கியது. பள்ளியில் கன்னடமும் வீட்டில் தமிழும் பேசி, "நாம் எந்த ஊர்க்காரர்?" என்று சில நேரம் தடுமாறும் நம் பிள்ளைகளின் காதில், தமிழ்நாட்டு மலைமேல் ஒலிக்கும் அந்தப் பேச்சு பாதிக்குப் பாதி புரியும். இடம் பெயர்ந்தவர்கள் நாம் மட்டும் அல்லர், அது வெட்கப்பட வேண்டிய செய்தியும் அல்ல என்பதை நாம் சொல்லிக் கொடுக்காமலே அவர்கள் உணர்வார்கள்.

"கார் இருக்க ரயில் எதற்கு, நேரம் வீண்" என்று சில அன்பர்கள் கேட்பது தெரியும். ஊட்டியைப் போய்ச் சேருவதுதான் நோக்கம் என்றால் அவர்கள் சொல்வது சரி. குடும்பம் ஒன்றாக உட்கார்ந்து ஐந்து மணி நேரம் ஒரே ஜன்னலைப் பார்ப்பது நோக்கம் என்றால் கணக்கு மாறும். ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து சாலையையே பார்த்துக்கொண்டு வரும் மகனுக்கும் அன்று விடுமுறை கிடைக்கும்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பட்டிமன்றமும் நடத்துகிறோம். தை மாதக் கடைசியில் பத்துப் பன்னிரண்டு குடும்பங்களைச் சேர்த்து இப்படி ஒரு ரயில் பயணத்தை ஏற்பாடு செய்யக் கூடாதா? கணினியில் முன்பதிவு செய்யத் தெரிந்த இளைஞர்கள் நம்மிடம் இருக்கிறார்கள். கால அட்டவணை பார்த்துச் சொல்ல என்னைப் போன்ற ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர்கள் ராமாபுரத்திலும் பிற பகுதிகளிலும் இருக்கிறார்கள். தனியாகப் பயணம் போக அஞ்சும் மூத்த தம்பதியரும், கைம்பெண்களும் இந்தக் கூட்டத்தோடு தயங்காமல் வருவார்கள். நவம்பரில் தேதி குறித்தால்தான் தையில் போக முடியும்.

ஜப்பான் போகிறவர்கள் அதன் பிறகு போகட்டும். மேட்டுப்பாளையத்தில் பல்சக்கரம் பிடித்து ஏறிய குழந்தை, நாளை உசுயி கணவாயின் ரயில் போகாத பாலத்தில் நடக்கும்போது, "இது எங்கள் ஊரில் இன்னும் ஓடுகிறதே!" என்று அங்குள்ளவர்களிடம் பெருமையோடு சொல்லும். அந்தப் பெருமையை அதற்குத் தருவது நம் கையில் இருக்கிறது. இந்த வாரமே நாட்காட்டியை எடுத்து இரண்டு வட்டங்களைப் போட்டுவிடுங்கள்.

— ஓய்வு பெற்ற ரயில்வே பொறியாளர், ராமாபுரம், மைசூர்